மானாக வந்தால் செல்லாது

மைக்கேல்ராஜ் பாரீஸிலிருந்து கொண்டுவந்த டி.வி.யில் காரைக்காலில் எந்தப் படமும் வரவில்லை.

எண்பத்து மூன்றில், கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் லீவில், கொண்டுவந்தான். மெட்ராஸ் சுங்கத்தில் ஒரு பகல் முழுக்க நின்று மீட்டு, டாக்சியின் பின்சீட்டில் போர்வை சுற்றிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். அன்று மாதா கோயில் தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. தெருவில் டி.வி. இருந்த வீடுகளில் ஆன்டெனா சிலோனைப் பார்த்து நின்றது. அந்த நாட்டு ரூபவாஹினி தெளிந்த தண்ணீர்போலத் தெரிந்தது. இந்த வீட்டில் கோடுகள் ஓடின. குழாயை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். கோடுகள் சாய்வாக ஓடின.

"பாரீஸ்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது," என்றான் மைக்கேல்ராஜ்.

"அப்ப அங்கயே வச்சிட்டு வந்திருக்கலாமுல்ல," என்றாள் பக்கத்து வீட்டு சுல்தான் பீவி.

ரேடியோ ரிப்பேர்க்காரர் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "இது அந்த ஊருப் படத்துக்குன்னே செஞ்சதுங்க. நம்ம ஊருப் படத்த இது படமாவே எடுத்துக்காது," என்று சொல்லி, திருகாணிகளைத் திரும்ப மாட்டினார்.

லீவு முடிந்து மைக்கேல்ராஜ் போனான். டி.வி. இருந்தது. அவனுடைய அம்மா செல்வம்மாள் அதன்மேல் பூ வேலை செய்த துணி ஒன்றை விரித்து மாதா சுரூபத்தை வைத்தாள்.

மறு வருஷம் ஒரு பெட்டி வந்தது. அவன் வரவில்லை. லீவில் வந்த பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர். காபி குடித்தார். கூடத்தையும் அறையையும் சுற்றிப் பார்த்தார். மைக்கேல்ராஜின் மனைவி இசபெல்லாவை "தங்கச்சி" என்று கூப்பிட்டார். அவள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

பெட்டிக்குள் இருந்தது வீடியோ கேம். சொருகியதும் படம் வந்தது. இரண்டும் ஒரே ஊர்ச் சாமான். அந்த டி.வி.யில் முதன்முதலாகப் பச்சை தெரிந்தது. நீலம் தெரிந்தது.

அது தடை ஓட்டப் பந்தயம். சிவப்புச் சட்டையில் ஒருவன், மஞ்சள் சட்டையில் ஒருவன். வழியில் மதில், ஆறு, முள்வேலி, கடைசியில் வெட்டவெளி. ஆடுகிறவர் கையில் ஆளுக்கு ஒரு குச்சி. மேலே தள்ளினால் ஆள் குரங்காவான், மதிலில் ஏறலாம். கீழே இழுத்தால் மீன். இடப்பக்கம் கீரி, வேலிக்கு அடியில் நுழையும். வலப்பக்கம் மான். பிடித்திருக்கும்வரைதான் மிருகம். விட்டால் மனிதன். மதில் உச்சியில் விட்டால் மனிதன் விழுவான். கரையேறியும் விடாவிட்டால் மீன் துடித்துச் சாகும்.

கூட வந்த சிறு புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. தெருவில் பிரெஞ்சு படித்தவர்கள் இருந்தார்கள். இசபெல்லா யாரிடமும் கேட்கவில்லை. மத்தியானம் செல்வம்மாள் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்துவைத்து, தோற்றுத் தோற்றுக் கற்றாள். சுல்தான் பீவி கொல்லை வழியாக வந்து இன்னொரு குச்சியைப் பிடித்தாள். அவள் கணவர் சிங்கப்பூரில் இருந்தார்.

ஒன்று மட்டும் வெகுநாள் புரியவில்லை. இசபெல்லா வெட்டவெளியில் மானாக ஓடி, பீவியின் ஆளை எங்கோ விட்டுவிட்டு எல்லை நாடாவைக் கடப்பாள். நாடா அறாது. மணி அடிக்காது. பின்னால் மூச்சு வாங்க வரும் பீவியின் ஆள் நாடாவை அறுப்பான். அவனுக்கு மணி அடிக்கும், கோப்பை வரும்.

"உன் பெட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு புள்ள. கடைசியா வந்தவளுக்குக் கோப்பை தருது."

"நீங்க ஏதோ ஓதி ஊதி வச்சிருக்கீங்க லாத்தா."

ஒருநாள் கை வியர்த்துக் குச்சி நழுவியது. நாடாவுக்குச் சற்று முன்னால் மான் மனிதனானது. நாடா அறுந்தது. மணி அடித்தது.

மானாக வந்தால் செல்லாது. மனிதனாக வந்து அறுக்க வேண்டும்.

"அப்ப இத்தனை நாளு ஓடுன ஓட்டமெல்லாம் ஓட்டமில்லையாமா?" என்றாள் பீவி. "நல்லா இருக்கு நியாயம். எங்க வூட்டு ஆளு வந்தா, மனுசனா வந்திருக்கீயளா இல்லையான்னு வாசல்லயே நிறுத்திக் கேக்கணும் போல."

இசபெல்லா சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். செல்வம்மாள் உள்ளே இருமினாள்.

*

இசபெல்லாவின் கல்யாணம் அதே மாதா கோயிலில் நடந்தது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை மைக்கேல்ராஜ் கட்டினான். முனிசிபாலிட்டியிலும் எழுதினார்கள். அது போதாது.

மைக்கேல்ராஜின் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். ஊர் இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அதனால் மகனும் பிரெஞ்சுக்காரன். பிரெஞ்சுக்காரன் இங்கே கட்டிய தாலியைப் பாண்டிச்சேரி கான்சுலேட்டில் போய் எழுத வேண்டும். எழுதினால்தான் அந்த நாட்டுக்கு அவள் மனைவி. எழுதினால்தான் விசா. மாதா கோயில் தெருவில் பெண் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று பேசும்போதே கான்சுலேட்டுக்கு என்றைக்கு என்றும் பேசிவிடுவார்கள்.

இசபெல்லாவின் அப்பா குரும்பகரத்தில் தமிழாசிரியர். கோயிலில் ஓதி முனிசிபாலிட்டியில் எழுதிய ஒரு கல்யாணம் இன்னோர் இடத்தில் எழுதாததால் இல்லாமல் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் பேசியது இலைக் கணக்கு மட்டும்.

"அடுத்த லீவுல எழுதிடுவோம்," என்று சொல்லிவிட்டு மைக்கேல்ராஜ் விமானம் ஏறினான். அது எழுபத்தொன்பது. அடுத்த லீவு டி.வி.க்குப் படம் வரவைப்பதிலேயே போயிற்று. ஆன்டெனா கட்ட ஆள் தேடி நாகப்பட்டினம்வரை போனவன் பாண்டிச்சேரி போகவில்லை.

எண்பத்தாறு ஆகஸ்ட்டில் மறுபடி வந்தான். உடம்பு போட்டிருந்தது. காதோரம் நரைத்திருந்தது.

"வந்தன்னிக்கே ஆரம்பிச்சிடாத. புள்ள களைச்சு வந்திருக்கான்," என்றாள் செல்வம்மாள்.

இசபெல்லா ஆரம்பிக்கவில்லை. வேளாங்கண்ணி போய்வந்தார்கள். பிறகு அவனுக்கு வயிறு சரியில்லை. பிறகு மாதா கோயிலில் கொடியேறியது.

"தேர் முடியட்டும்," என்றான். "பதினஞ்சு லீவு."

"அது நம்ம சுதந்திர நாளு. அவங்களுக்குமா லீவு?"

"மாதா மோட்சத்துக்குப் போன நாளு அவங்களுக்கும் லீவுதான்."

"பதினாறு?"

"சனிக்கிழம."

"திங்கக்கிழம போலாமா?"

அவன் மாதா சுரூபத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு டி.வி.யைப் போட்டான்.

அவன் சிநேகிதன் அந்தோணிமுத்து வந்திருந்தான். இரண்டு பேரும் ஆடினார்கள். இரண்டு பேருக்கும் மதில் ஏற வரவில்லை. மைக்கேல்ராஜ் எப்போதும் மதிலில் முட்டிய பிறகுதான் குரங்கானான். காபி கொண்டுவந்த இசபெல்லாவைப் பார்த்து அந்தோணிமுத்து, "நீங்க புடிக்கிறீங்களா தங்கச்சி?" என்று விளையாட்டாகக் குச்சியை நீட்டினான். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். மைக்கேல்ராஜின் ஆள் ஆற்றில் கிடக்கும்போது அவளுக்கு மணி அடித்தது. இன்னொன்று ஆடினார்கள். அதுவும் அப்படியே.

"டேய், பிரெஞ்சுக்காரன் நீயா, அவங்களாடா?" என்றான் அந்தோணிமுத்து.

மைக்கேல்ராஜ் காபியைக் குடிக்காமல் எழுந்து போனான்.

அடுப்படியில் செல்வம்மாள் கொடுவாயை உரசிக்கொண்டிருந்தாள். செதில்கள் சுவரில் தெறித்தன. "கட்டுனவன நாலு பேரு முன்னாடி தோக்கடிச்சிட்டு, நாளைக்கு என்ன அழைச்சிட்டுப் போன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்ப?"

கேட்க வேண்டியிருந்தது. ஆகவே இசபெல்லா மறுநாளிலிருந்து தோற்றாள்.

தோற்பது ஆடக் கற்றதைவிடக் கடினமாக இருந்தது. வேலியைக் கண்டதும் விரல் தானாக இடப்பக்கம் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மீனைக் கரையில் துடிக்கவிட வேண்டியிருந்தது. அவன் சந்தோஷப்பட்டான். "பாத்தியா? இதெல்லாம் கொஞ்சம் பழகணும்," என்றான். அவள் நாடாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவனுக்கு அது தேவைப்படவில்லை. அவன் மானாக ஓடத் தெரியாமல் கடைசிவரை மனிதனாகவே ஓடி, அவள் ஆளைத் தாண்டி, நாடாவை அறுத்தான். நன்றாகச் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கினான். பாண்டிச்சேரி என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வம்மாள் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். வீட்டில் இரண்டு பேர்தான். தேர் முடிந்திருந்தது. தெருவில் வாடிய தோரணம் தொங்கியது. அவனுக்கு வியாழக்கிழமை விமானம்.

"ஒரு ஆட்டம் போடுவோமா?" என்றாள் இசபெல்லா.

"உனக்குத் தோக்குறதுக்கு அலுக்கவே இல்லையா?"

"நான் ஜெயிச்சா நாளைக்குப் பாண்டிச்சேரி."

அவன் சிரித்தான். ஒரு வாரமாக அவன் தோற்கவில்லை. "நான் ஜெயிச்சா?"

"அந்தப் பேச்ச இனிமே எடுக்க மாட்டேன்."

"எடுக்கவே மாட்டியா?"

"மாட்டேன்."

அவன் ஜன்னலில் இருந்த மாதா சுரூபத்தைக் கைகாட்டினான். "மாதா சாட்சியா?"

"சாட்சியா. உங்களுக்கும்தான்."

"சரி," என்று கால்களை மடக்கி உட்கார்ந்தான்.

முதல் மதிலில் அவன் ஆள் முட்டிக்கொண்டபோது அவளுடைய குரங்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"ஏய்," என்றான்.

அவள் ஆற்றில் இறங்கினாள். மீன் ஒரே கோடாகப் போயிற்று. கரை தொட்ட நொடி மனிதனாகி ஓடினாள். இரண்டாவது மதில். அவன் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இத்தனை நாளு?"

"விட்டுக்கொடுத்தேன்."

அவன் ஆள் மதிலில் முட்டியது. பின்வாங்கி மறுபடி முட்டியது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இசபெல்லா, பாண்டிச்சேரி போயி ஒண்ணும் ஆவப்போறதில்ல."

"ஏன்?"

"பாரீஸ்ல ஏற்கெனவே எழுதியாச்சு."

வேலி வந்தது. விரல் இடப்பக்கம் போயிற்று. கீரி நுழைந்தது.

"யாரு பேர?"

அவன் குச்சியை மேலும் கீழும் ஆட்டினான்.

"பேரக் கேட்டேன்."

"பாண்டிச்சேரி முத்தியால்பேட்டப் பொண்ணு. அங்கதான் பாரீஸ்ல இருக்கா. அவங்க அப்பாவும் சொல்தா."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு. இங்க நடந்தது அங்க இல்லல்ல. அங்க நான் கல்யாணம் ஆவாதவன்."

இன்னோர் ஆறு. அவள் கீழே இழுத்தாள். மீன்.

"புள்ள?"

"ஒரு பையன்."

கரை. விட்டாள். மனிதன் எழுந்து ஓடினான். முன்னால் வெட்டவெளி. வலப்பக்கம் தள்ளினாள். மான் பறந்தது. அவன் குச்சியைத் தரையில் வைத்துவிட்டான். அவன் ஆள் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மான் நாடாவை நெருங்கியது. எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விட்டாள்.

நாடா அறுந்தது. மணி அடித்தது. கோப்பை வந்தது.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு," என்றாள்.

"சொன்னேன்ல இசபெல்லா?"

"சொன்னீங்க. ஜெயிச்சது நான்."

"அங்க வந்து என்ன பண்ணுவ?"

"எழுதிக்குங்கன்னு சொல்லுவேன். எழுத எடமில்லன்னா அத அவங்க சொல்லட்டும். நீங்க ஏன் அவங்க வேலையப் பாக்குறீங்க?"

"கேஸாயிடும். ரெண்டு கல்யாணம்னு அங்க உள்ள வச்சிடுவான். வேலை போயிடும்."

"அங்க ஒரு கல்யாணம்தானன்னு இப்பதான சொன்னீங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. செல்வம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். டி.வி.யில் கோப்பை மின்னிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டியாடா?" என்றாள்.

இசபெல்லா மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"பெத்தவகிட்ட மறைப்பானா?" என்றாள் செல்வம்மாள். "ஏன்டி அப்படிப் பாக்குற? உன்ன இந்த வூட்ட விட்டுப் போவச் சொன்னமா? சோத்துக்குக் கொறையா, துணிக்குக் கொறையா? அவ அங்க. நீ இங்க. யாரு யாரக் கேக்கப்போறா?"

இசபெல்லா டி.வி.யை நிறுத்தினாள். மாதா சுரூபத்தை ஜன்னலிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.

*

காலையில் கல்யாணப் புடவையைக் கட்டினாள். வெளியே வரும்போது கொல்லைப் பக்கம் செல்வம்மாளின் குரல் கேட்டது. "கூடவே போடா. தனியா விட்டன்னா அவ சொல்லிடுவா. பூவம் தாண்டுறதுக்குள்ள பேசி எறக்கிடு."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பாண்டிச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான். கோட்டுச்சேரி தாண்டியதும் பேச ஆரம்பித்தான். வீட்டை அவள் பேருக்கு எழுதித் தருவதாகச் சொன்னான். வருஷா வருஷம் வருவதாகச் சொன்னான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குறுவை பச்சையாக நின்றது.

"அவளப் பத்தித் தப்பா நெனைக்காத," என்றான். "நல்லவ. உன்னப் பத்தி அவளுக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள். அவனுக்குத் தைரியம் வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். உனக்காக அழுதா. அந்த கேம் பெட்டிகூட அவ தேடி வாங்குனதுதான். ஊருல அந்த டி.வி. சும்மா கெடக்கு, அவங்க ஒண்டியா இருப்பாங்களேன்னு. கொடுத்துட்டுப் போனாருல்ல, கண்ணாடி போட்டவரு? அவ அண்ணன்."

இசபெல்லாவின் கை மடியில் கிடந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன. நீட்டினாள்.

"தங்கச்சின்னாரு," என்றாள்.

"ஆமா. நல்ல குடும்பம்."

பூவத்தில் பஸ் நின்றது. எல்லையில் எப்போதும் நிற்கும். காரைக்கால் சாராய பாட்டில்கள் தமிழ்நாட்டுக்குப் போகாமல் இருக்கப் போலீஸ்காரர் ஏறி, இருக்கைகளுக்கு அடியில் கம்பால் குத்திப் பார்ப்பார். பைகளோடு ஆண்களை இறங்கச் சொன்னார்கள். முன்னால் தடுப்புக் கட்டை கிடந்தது.

மைக்கேல்ராஜ் எழுந்தான். "வா. எறங்கு. எதிர்ப் பஸ்ஸப் புடிச்சு வூட்டுக்குப் போயிடலாம்."

அவள் அசையவில்லை.

"உனக்காகத்தான் இவ்வளவு சொல்றேன். வா."

அவன் இறங்கினான். அவள் பின்னால் வருவாள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "இசபெல்லா. எறங்குன்னு சொல்றேன்ல?"

போலீஸ்காரர் இறங்கினார். மற்றவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்து காலி இடத்தில் நின்றார்.

"உங்க கூட வந்தவரு எங்கம்மா?"

"எறங்கிட்டாரு."

"பாண்டிச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருக்காரே?"

"அவருக்கு இதுவரைக்கும்தான். நீங்க பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க."

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. மைக்கேல்ராஜ் கம்பியை விட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்தான். தடுப்புக் கட்டை இன்னும் உயரவில்லை. அதற்கு முன்னால் பஸ் மறுபடி நின்றது. படி அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஏறியிருக்கலாம். அவன் படியைப் பார்த்தான். உள்ளே இருந்தவர்களைப் பார்த்தான். கட்டை உயர்ந்தது. பஸ் போயிற்று.

தரங்கம்பாடிவரை பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு மீன்காரி காலிக் கூடையோடு ஏறி, உட்கார்ந்து, புடவையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கம்மா போற, இவ்வளவு பெரிய பட்டுல?"

"பாண்டிச்சேரிக்கு."

"தனியாவா? என்ன சோலி?"

"ஒரு கல்யாணத்தப் பத்திச் சொல்லணும்."

"சொந்தமா?"

"சொந்தந்தான்."

"பொண்ணு எங்க இருக்கா?"

இசபெல்லா கொஞ்சம் யோசித்தாள். "பாரீஸ்ல."

"கொடுத்து வச்சவ," என்றாள் மீன்காரி.